விட முடிந்தவர்

சிகரெட்டை விடுவதில் அந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு நல்ல அனுபவம் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை விட்டார். மகள் பிறந்தபோது விட்டார், மகளுக்கு மூச்சிரைப்பு வந்தபோது விட்டார், விலை ஏறியபோதெல்லாம் விட்டார். மேல்வீட்டுக்காரர் மாரடைப்பில் போன சமயம் விட்டது மட்டும் கொஞ்ச நாள் தாங்கியது. மற்ற தடவையெல்லாம் போன வேகத்தில் சிகரெட் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

"எனக்கு வராதும்மா. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது. எனக்கு இது வராது" என்று மனைவியிடம் கையை விரித்துவிடுவார். என்னமோ முயற்சி செய்து களைத்துப் போனவர் மாதிரி ஒரு பெருமூச்சு வேறு. அவளும் சிரித்துவிட்டு, பால்கனியில் அவருக்கு எதிரே தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

பால்கனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் நிற்க இடமிருக்காது. கீழே சைக்கிள் ரிப்பேர் கடை. எதிரே ஒரு அடுக்குமாடியின் முதுகுப் பக்கம், அதில் யார் வீட்டிலோ எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும் துணி. அவள் ரெடிமேட் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். பகல் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் அடுத்தவர் பேன்ட்டுக்குக் கால் மடித்துத் தைத்துவிட்டு வருவாள். அவர் பட்டறையில் கம்ப்ரசர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருவார். இரண்டு பேரும் டீயோடு அங்கே உட்கார்ந்தால்தான் வாய் திறக்கும். வீட்டுக்குள் பேசுவதெல்லாம் கேஸ் தீர்ந்துவிட்டது, கதவைச் சாத்து என்ற அளவில்தான். பால்கனியில் வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள். தொப்பை போட்டது தெரியாமல் "உங்க கடைத் துணி சுருங்கிடுச்சு" என்று சண்டைக்கு வந்த கனவான்களைப் பற்றி அவள் சொல்லுவாள். ஃபிரிட்ஜுக்குள் நகையை ஒளித்து வைத்துவிட்டு, அதை மறந்து ரிப்பேருக்கு அனுப்பிய அம்மாளைப் பற்றி அவர் சொல்லுவார். ஒரு சிகரெட் தீரும், பேச்சு தீராது. இன்னொன்றைப் பற்ற வைப்பார். புகை வந்தால் அவள் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வாளே தவிர, எழுந்து போனதில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு வறட்டு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. மருந்துக்கடைச் சிரப்புக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு படம் எடுத்தார்கள், அது போதாதென்று இன்னொரு படம், அப்புறம் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனை. கடைசியில் ஒரு டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்து, பூசி மெழுகாமல் சொன்னார். வலது நுரையீரலில் சின்னக் கட்டி. கெட்ட கட்டிதான். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், நம்பிக்கையாக இருக்கலாம்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

அவர் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவர்தான்" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமலே.

"அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அவரையும் படம் எடுத்துவரச் சொன்னார். எடுத்தார்கள். அவர் நுரையீரல் சுத்தமாக இருந்தது. "உங்களுக்கு ஒன்னுமில்லை, அதிர்ஷ்டக்காரர்" என்றார் டாக்டரம்மா. எதிர்வீட்டுக்காரன் போட்ட கல் தன் மனைவி மண்டையில் விழுந்தால் அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். இங்கே போட்டவர் இவரே. அந்த நல்ல செய்தியைக் கேட்டு அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பாக்கெட்டையும் லைட்டரையும் குப்பைத்தொட்டியில் போட்டார். அவள் பார்த்தாள்.

இந்தத் தடவை விட்டது விட்டதுதான். சுலபமாக ஒன்றும் இல்லை. தலை இடித்தது, தூக்கம் போயிற்று, எதைச் சாப்பிட்டாலும் காகித அட்டையை மெல்லுகிற மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜை எப்போது தருவீர்கள் என்று மரியாதையாகக் கேட்ட வாடிக்கையாளர் மேல் எரிந்து விழுந்தார். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று ஸ்குரூவை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை பார்த்தார்.

"மாமா, முழுங்கிடாதீங்க. அப்புறம் உங்களை இல்ல கழட்டணும்" என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி. பட்டறையில் கூட வேலை பார்ப்பவன். சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. அந்தத் திமிரில் பேச அவனுக்கு உரிமை உண்டு.

பட்டறையில்தான் அது நடந்தது. செப்புக் குழாய் ஒன்றை கேஸ் நெருப்பில் பற்றவைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த நெருப்பிலேயே சிகரெட்டைக் கொளுத்திக்கொள்வது அவருடைய நெடுநாள் வழக்கம். வேலை முடிந்து நெருப்பை அணைத்த பிறகுதான் உறைத்தது: காலையிலிருந்து சிகரெட் நினைப்பே வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் அவர் சந்தோஷப்படவில்லை. வராது வராது என்று ஊரைக் கூட்டிச் சொன்னாரே, வந்துவிட்டதே! இன்றைக்கு வருகிறதென்றால் மகள் பிறந்தபோதும் வந்திருக்கும். அதற்கு முன்னாலும் வந்திருக்கும். வராமல் போனதில்லை, இவர்தான் வரவிடவில்லை.

அதற்குப் பிறகு அவரால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. மாலையில் பால்கனிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். டீயைச் சமையலறையில் நின்றபடியே குடித்துவிட்டு, ஏதாவது வேலையைத் தேடிப் போவார். வேலைக்கா பஞ்சம்? கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைத் துடைக்கலாம் என்று கழற்றினால், அதற்குப் பின்னால் வட்டமாக ஒரு வெள்ளை. சுவரின் உண்மையான நிறம் அதுதான். மற்ற இடமெல்லாம் பழுப்பு. சுவருக்கே இந்தக் கதி. அவர் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் ஏணியில் நின்றார்.

மறுநாளே பெயின்ட் வாங்கி வந்துவிட்டார். கூடம், படுக்கையறை, சமையலறை என்று மூச்சு விடாமல் அடித்தார். ஜன்னல் திரைகளைத் துவைத்தார். கழுவிக் கழுவிப் பார்த்தும் நாற்றம் போகாதது பால்கனி நாற்காலிகள் மட்டும்தான். அவற்றின் கைப்பிடியில் சிகரெட் சுட்ட தழும்புகள் வேறு. இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கீழே சைக்கிள் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு மேலே வந்தார். மெக்கானிக் புத்தி. எதையாவது கழற்றிப் போட்டால் வீடு சரியாகிவிடும் என்று நினைக்கிற புத்தி.

அவள் வேலை முடிந்து வந்தாள். கைப்பையை வைத்தாள். வழக்கம்போலப் பால்கனிக்குப் போய், அங்கே வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து காய் நறுக்க ஆரம்பித்தாள். ஒரு கேள்வி இல்லை. வீடு புது வாசனையாக இருப்பதில் அவளுக்குத் திருப்தி போலிருக்கிறது என்று இந்த மனிதர் நினைத்துக்கொண்டார். அவருக்குச் சிகரெட் விட்டதும் மூக்குக்குச் சக்தி வந்ததே ஒழிய, கண்ணுக்கு வரவில்லை.

அடுத்த நாள் பட்டறையில் மைத்துனன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து நின்றான். முகத்தில் வழக்கமான நக்கல் இல்லை.

"மாமா, அக்கா நாற்காலிய எதுக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

"சிகரெட் நாத்தம்டா. போகவே மாட்டேங்குது."

"அக்கா நேத்து போன்ல அழுதுச்சு."

"அழுதாளா? எதுக்கு?"

"'வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, திரையெல்லாம் துவைச்சாச்சு, நான் உக்கார்ற நாற்காலியும் போயாச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே உங்க மாமா வீட்டை ஒழிச்சுக்கிட்டு இருக்காருடா'ன்னு சொல்லுச்சு."

அவர் பக்கத்தில் கிடந்த பழைய ஃபிரிட்ஜ் கதவின் மேல் உட்கார்ந்துவிட்டார். "என்னாலதான்டா அவளுக்கு இது வந்துச்சு. அவ மூஞ்சிய எப்படிடா பார்ப்பேன்?" என்றார்.

"இதை எதுக்கு மாமா என்கிட்ட சொல்றீங்க? எனக்கா ஆபரேஷன்?" என்றான் மைத்துனன். சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த இடுக்கியை வாங்கி வைத்துக்கொண்டான். "கிளம்புங்க. நான் பார்த்துக்கறேன்."

அன்று அவளுக்கு விடுமுறை. அவர் வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டைத் தூக்கிப் பால்கனிக்குக் கொண்டுபோனார். கனமான மர நாற்காலிகள். வாசற்படியில் இடித்தன, புதுப் பெயின்ட்டில் கோடு விழுந்தது. எதிரெதிரே போட்டால் முட்டிக்கு முட்டி இடித்தது.

"இந்நேரத்துல என்ன?" என்றாள்.

"வா. வந்து உக்காரும்மா."

உட்கார்ந்தார்கள். டீ இல்லை, சிகரெட் இல்லை. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், வெறும் பையைத் தடவிவிட்டு இறங்கியது. கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான் உனக்கு இந்த வியாதியக் குடுத்தேன்" என்றார். உடைந்துவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது. அப்படியும் குரல் உடைந்தது.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மறைப்பானேன், "சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க" என்று அவள் சொல்லுவாள் என்றுதான் அவர் மனம் எதிர்பார்த்தது. எத்தனையோ வருஷமாக அவள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

"இருக்கலாம்" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் அதைத்தான் நினைச்சேன். உங்களுக்கு ஒன்னுமில்லை, சுத்தமா இருக்குன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்களே, அப்ப எனக்கு எவ்ளோ ஆத்திரம் வந்துச்சு தெரியுமா? புருஷன் நல்லா இருக்கான்னா பொண்டாட்டி சந்தோஷப்படணும். எனக்கு வரலை. அதை நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதேன். இது என்ன புத்தின்னு என்னையே திட்டிக்கிட்டேன்."

"என்னைத் திட்டியிருக்கலாமே."

"திட்டலாம்னுதான் சாயங்காலம் வந்து இங்க உக்காருவேன். நீங்க வந்தாத்தானே? பெயின்ட் டப்பாவோட ஏணில ஏறிக்கிட்டீங்க." அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். "ஆஸ்பத்திரி வாசல்ல பாக்கெட்டைத் தூக்கிப் போட்டீங்க. இந்த நிமிஷம் வரைக்கும் தொடலை. எனக்குத் தெரியும். பொண்ணு போன்ல, 'அப்பா கலக்கிட்டாரும்மா'ங்கறா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? முடிஞ்சிருக்கே! உங்களால முடிஞ்சிருக்கே! வராது வராதுன்னு சொன்னீங்க, நானும் பாவம், மனுஷனுக்கு முடியலைன்னு விட்டேன். முடியும்னா அப்பவே விட்டிருக்கக் கூடாதா?"

இதற்குத்தான் அவர் பயந்தார். ஏணி மேல் ஏறியும், தூரிகையை எடுத்தும், நாற்காலியைக் கொடுத்தும் தப்பித்து ஓடியது இந்த ஒரு கேள்வியிலிருந்துதான். கேட்டுவிட்டாள். கேட்ட பிறகும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"விட்டிருக்கலாம். விட்டிருக்கணும். எனக்குப் பதில் இல்லம்மா."

"பதில் யார் கேட்டா? நான் உங்களைத் திட்டணும். நிறையத் திட்டணும். திட்டறதுக்கு எதிர்ல ஆள் உக்காந்திருக்கணும். நீங்க பாட்டுக்கு நான் செத்துப் போயிட்ட மாதிரி வீட்டைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தா நான் யாரைப் போய்த் திட்டுவேன்?"

"சரி" என்றார். "திட்டு."

அவள் திட்ட ஆரம்பித்தாள். ஆரம்பித்தது கல்யாணமான முதல் வாரத்திலிருந்து. ஜன்னல்தான் திறந்திருக்கிறதே என்று குழந்தையின் தொட்டில் பக்கத்தில் நின்று பிடித்தது, பஸ் பயணத்தில் அவளைக் கைக்குழந்தையோடு நிறுத்திவிட்டு ஒரு இழுப்புக்காகப் போய் பஸ்ஸை விட்டது, அவள் அப்பா இறந்த வீட்டில்கூடப் பின்வாசலில் புகை விட்டுக்கொண்டு நின்றது. சிலது அவருக்கு ஞாபகம் இருந்தது. சிலது சத்தியமாக மறந்தே போயிருந்தது. ஒரு இடத்தில் மட்டும், "இல்லம்மா, அன்னைக்கு நான் பிடிக்கலை, உன் தம்பி பக்கத்துல நின்னாரே ஒருத்தர், அவர்தான்..." என்று வாயைத் திறந்தார். "பேசாதீங்க" என்றாள். மூடிக்கொண்டார். நடுவில் பஸ்ஸை விட்ட கதையில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

எதிர் அடுக்குமாடியில் விளக்குகள் எரியத் தொடங்கின. யாரோ வந்து காய்ந்த துணிகளை எடுத்துப் போனார்கள். அவளுக்கு இருமல் வந்து, சற்று நேரம் விடாமல் இருமினாள். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். அவள் இருமிக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? உக்காருங்க. இன்னும் பாதிகூட ஆகலை. நாளைக்கு இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு வந்தும் இருக்கு."

அவர் உட்கார்ந்தார்.