கடற்கரையிலிருந்து ஒரு விரல்

கணினித் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தபோது நான் சாஸேஜ் ரோலைக் கடித்துக்கொண்டிருந்தேன். மவுஸ் மேசைமேல் அசையாமல் கிடந்தது. அம்புக்குறி மட்டும், சாவித்துவாரத்தைத் தேடும் குடிகாரன் கை மாதிரி திரை முழுக்கத் தட்டுத்தடுமாறி, நான்காம் கொட்டகையின் விளக்குப் பொத்தானைக் கண்டுபிடித்தது. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. பிறகு ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து, எழுத்தெழுத்தாக, "என்ன ரோ, பயந்துட்டியா?" என்று வந்தது. தட்டியது மெர்வ்; அவன் கடற்கரைக்குக் குடிபோன முதல் வாரம் அது. ஆறு கொட்டகைக் கோழிகளுக்கு அவன் முதலாளி, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் ரோ என்கிற நான். இங்கே இருந்த காலத்திலும் அவன் கொட்டகைக்குள் கால் வைத்தவனில்லை. இப்போது ஏழு மணி நேரப் பயணத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு வராமலிருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மென்பொருளை அவனேதான் ஏற்றினான். போன் ஒன்று கையில் இருந்தால் போதும், எந்த ஊரிலிருந்தும் இந்தக் கணினிக்குள் நுழைந்து, எதிரே உட்கார்ந்திருப்பது போலவே எல்லாவற்றையும் இயக்கலாம். ஏற்றும்போது அது மரியாதையாக ஒவ்வொன்றாய்க் கேட்டது. யாராவது உள்ளே நுழைந்தால், இங்கே இருப்பவரிடம் அனுமதி கேட்கவா? வேண்டாம் என்று அமுக்கினான். பார்க்க மட்டும் விடவா, இயக்கவும் விடவா? எல்லாம் விடு என்று அமுக்கினான். ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. கடைசியில் பாஸ்வேர்ட் கேட்டது. மெர்வ் நாற்காலியில் சாய்ந்து, பெரிய யோசனைக்காரன் போல மோவாயைத் தடவி, தன் வண்டி நம்பர் பிளேட்டைப் போட்டான்.

எங்கள் பக்கத்தில் கையில் நாலு காசு சேர்ந்தவன் முதலில் செய்யும் காரியம், ஆசைப்பட்ட எழுத்தில் நம்பர் பிளேட் வாங்குவது. கோழிக்கு நாங்கள் சொல்வது சூக். மெர்வின் பிக்கப் வண்டியின் முன்னும் பின்னும் 'சூக் 1' என்று பொன்னிறத்தில் இருக்கும். அவன் மனைவி ரேலீனின் காரில் 'சூக் 2'.

"மெர்வ், அத ஊரே படிக்குதே," என்றேன்.

"படிக்கட்டும். கோழிக் கொட்டகைக்குள்ள எவன் நுழையப் போறான்? நாத்தத்துலயே ஓடிருவான்."

"நாத்தம் போன்ல வராது."

அவன் சிரித்தான். அவனுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்புதான். அந்தச் சிரிப்பு நல்ல மனத்தின் அடையாளம் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். பல வருடம் கூடவே இருந்தவள் சொல்கிறேன், காதில் எதுவும் ஏறவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நுழைந்தது வெளிநாட்டுத் திருடன் இல்லை, எங்கள் பப்பில் குடிக்கும் ஸ்பட். கால்பந்துப் பருவம் முடிந்த திங்கட்கிழமை பகலிலிருந்தே எல்லாரும் குடித்துக் கூத்தடிப்பது இங்கே வழக்கம். அந்தக் கூத்தில் மெர்வின் பாஸ்வேர்டை ஸ்பட் ஒரே முயற்சியில் கண்டுபிடித்து, ஆறு கொட்டகை விளக்குகளையும் நடன அரங்கு மாதிரி அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறான். பயந்த கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி, அடியில் இருந்தவை நசுங்கிச் செத்தன. பொறுக்கியது நான். மெர்வ் போனில் வயிறு வலிக்கச் சிரித்தான். "ஸ்பட்டுப் பயலோட மூளைய பாத்தியா!" என்றான். பிறகு பொறுப்புள்ள முதலாளியாகப் பாஸ்வேர்டை மாற்றினான். 'சூக் 2'.

எங்கள் நாட்டில் ஜனவரிதான் கொடுங்கோடை. அதன் கடைசியில் வரும் நீண்ட விடுமுறையின்போது வெயில் நாற்பத்து நான்கு டிகிரியைத் தொட்டது. அந்த வெயிலில் கோழிக்கொட்டகை என்பது காற்றும் தண்ணீரும்தான். ஒரு கோடிச் சுவரில் நீர் வழியும் தட்டிகள், மறுகோடியில் ஆளுயர மின்விசிறிகள். விசிறி ஈரக்காற்றை இழுக்கும் வரை கோழி பிழைக்கும். நின்றால், அது சாக ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம்கூட வேண்டாம். நான் எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் விட்டு, கொட்டகை கொட்டகையாக நடந்துவிட்டு, தண்ணீர் குடிக்க அறைக்கு வந்தேன்.

மூன்றாம் கொட்டகையின் விசிறிகள் பாதியாக இறங்கியிருந்தன. ஏற்றினேன். அம்புக்குறி என் கையிலிருந்து நழுவிப் போய் மறுபடி இறக்கியது. நான் இழுக்க, அது இழுக்க, ஒரு மவுஸைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒருவனோடு மல்லுக்கட்டினேன். விசிறிகள் முழுதாக நின்றன. சைரன் ஊதியது. உடனே அதுவும் அடங்கியது. அதையும் யாரோ அமுக்கியிருக்கிறார்கள். மெர்வை அழைத்தேன்.

"மெர்வ், உள்ள யாரோ இருக்கான். விசிறிய நிறுத்துறான்."

"நான் தொடவே இல்லையே! நான் இறால் சுட்டுக்கிட்டிருக்கேன்."

அவன் பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் உரசும் சத்தம், பல பேரின் சிரிப்பு. ஒரு பெண் குரல், "எனக்குக் குடு, எனக்குக் குடு, நான் இப்ப நாலாவத நிறுத்துறேன்," என்றது. இன்னொருவன், "நிஜமாவே நிக்குதா, இல்ல சும்மா படமா?" என்று கேட்டான். மெர்வ் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனுக்குப் பெருமையாகப் பதில் சொன்னான்: "நிஜம்டா மச்சான். அந்த வெப்ப நம்பர பாரு, ஏறுது பாரு."

மெர்வின் போன் அவன் காதில் இருந்தது; ரேலீனின் போனை விருந்தாளிகள் கைமாற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட எதிரே ஒரு ஆளாவது இருக்க வேண்டும். எனக்கு வந்தது அருவருப்பு.

"அந்தப் போன வாங்கி வை மெர்வ். கோழி சாகுது."

"விருந்தாளிங்க ரோ. ஒரு நிமிஷம் ஆடட்டும். நீதான் அங்க இருக்கியே."

"நான் நெட் கம்பிய பிடுங்கப் போறேன்."

சிரிப்பு நின்றது. "பிடுங்காத. அலாரம் லைன் அறுந்தா நம்மகிட்ட கோழி வாங்குற கம்பெனிக்குத் தகவல் போயிரும், ஒப்பந்தத்துல சிக்கல் வரும். நீ பிடுங்கினா நாளைக்கு வேலைக்கு வராத. வீட்டையும் காலி பண்ணிரு."

நான் குடியிருக்கும் வீடு பண்ணைக்குள் இருக்கிறது. இந்த ஊரில் இதைவிட்டால் எனக்கு வேறு வேலையும் இல்லை, வேறு கூரையும் இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும், அவனுக்குத் தெரிந்த மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. சுவரோரம் இணையப் பெட்டியிலிருந்து வந்த நீலக் கம்பியைப் பிடுங்கினேன். அம்புக்குறி பாதி வழியில் செத்து நின்றது. விசிறிகளை எல்லாம் முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டு மூன்றாம் கொட்டகைக்கு ஓடினேன்.

உள்ளே அடுப்பின் வாயைத் திறந்தது போலிருந்தது. கோழிகள் அலகைப் பிளந்து, இறக்கையை அகட்டி, தரையோடு ஒட்டிக் கிடந்தன. நடுப்பகுதியில் பல ஏற்கனவே போய்விட்டன. மிச்சத்தை எழுப்பி நடக்கவிட்டால்தான் உடம்புக்கடியில் காற்று போகும். நான் கைகளை அசைத்துக்கொண்டு வரிசை வரிசையாக, கத்தாமல், மெதுவாக நடந்தேன். விசிறிகள் வேகமெடுத்துக் காற்று முதுகில் பட்டபோது, நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். யாருக்காக என்று கேட்டால், மார்ச்சில் கறியாகப் போகிற கோழிகளுக்காகத்தான். தங்களை வைத்து யாராவது வேடிக்கை காட்டுவார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது.

கம்பியை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அலாரம் இல்லாமல் இரவைக் கடத்துவது முட்டாள்தனம், மெர்வோடு பழகியும் எனக்கு அது ஒட்டிக்கொள்ளவில்லை. அறைக்கு வந்து, என் போனில் அந்த மென்பொருளின் பக்கத்தைத் திறந்து, மெர்வின் கணக்கில் 'சூக் 2' என்று போட்டேன். யாருக்கும் திறக்கிற கதவு எனக்கும் திறந்தது. உள்ளே நுழைந்திருந்த போன்களை எல்லாம் ஒரே அமுக்கில் வெளியேற்றினேன். கீழே இன்னொரு வரி, மெர்வ் ஒருநாளும் படித்திராத வரி: ஒவ்வொரு முறை நுழையும்போதும் பாஸ்வேர்டோடு ஒரு ரகசிய எண்ணையும் கேட்கவா? கேள் என்றேன். எந்தப் போனுக்கு அனுப்ப? என் எண்ணைக் கொடுத்தேன். அவனுடைய அருமையான பாஸ்வேர்டை மாற்றவில்லை. பாவம், அது அவனுக்கு நினைவிருக்கும் ஒன்று. பிறகு நீலக் கம்பியைச் செருகினேன். அலாரத்தின் பச்சை விளக்கு எரிந்தது.

வெயில் சாயும் நேரத்தில் தள்ளுவண்டியில் செத்தவற்றை அள்ளிக்கொண்டிருந்தபோது மெர்வ் அழைத்தான். கை முழுக்க இறகும் எச்சமுமாக இருந்தது. முழங்கையால் ஒலிபெருக்கியைப் போட்டு, போனை வண்டியிலிருந்த கோழிகள்மேலேயே வைத்தேன்.

"ரோ, உள்ள போக முடியல. ஏதோ நம்பர் கேக்குது. உன் போனுக்கு அனுப்பியிருக்காம்."

"வந்திருக்கு."

"சொல்லு."

நான் குனிந்து இரண்டு கையிலும் காலைப் பிடித்து இன்னும் சிலவற்றை எடுத்துப் போட்டேன்.

"விளையாடாத ரோ. அது என் பண்ணை."

"ஆமா மெர்வ். உன் பண்ணையத்தான் அள்ளிக்கிட்டிருக்கேன். வந்து ஒரு கை பிடி."

அவன் பக்கம் இப்போது யாரும் சிரிக்கவில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் இணைப்பைத் துண்டித்தான். நாளைக்கு அவன் வரலாம், வீட்டுச் சாவியைக் கேட்கலாம், ஏழு மணி நேரம் வண்டி ஓட்டச் சோம்பி வராமலும் போகலாம். நான் வண்டியைக் குழியை நோக்கித் தள்ளினேன். வெள்ளை இறகுகளுக்கு மேல் போன் அதிர்ந்து ஒளிர்ந்து புதிய ரகசிய எண் ஒன்றைக் காட்டியது, அணைந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒளிர்ந்தது, இன்னொரு எண். அந்த வெளிச்சத்தில் மேலே கிடந்த கோழியின் திறந்த அலகு தெரிந்தது.