பறக்கிற பெண்ணுக்கு ஓர் ஏணி

புத்தக அட்டையிலேயே அவள் கால் கட்டைவிரலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலைப் பின்பக்கமாக வானத்துக்குத் தூக்கி, இரண்டு கையையும் விரித்து, காயப்போட்ட தானியத்தில் காக்கை ஓட்டுகிற மாதிரி ஒரு நிலை. காலில் பட்டுச் செருப்பு. இடுப்பைச் சுற்றிக் குடைபோல விரிந்த பாவாடை. பார்த்ததுமே கொக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொக்கி என்பது குடோனில் வைத்த பேர். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி எந்நேரமும் கையில் இருப்பதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. எழுத்து வந்தது தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான். சங்கத்து அறையில் மாலை வகுப்பு. நாளெல்லாம் சுமந்த கழுத்தோடு போய் உட்கார்ந்து, தூங்கி விழுந்து, வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, முதலில் மூட்டைமேல் அச்சடித்ததை வாசித்தார். அப்புறம் கடைப் பலகை, பஸ் பலகை, கடைசியில் செய்தித்தாள். இப்போது வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் மனைவி அவர் கையில்தான் கொடுப்பாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளோ தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்: “எங்கப்பா எதை வேணா படிப்பாரு.”

அந்தப் பெருமைக்கு வந்த சோதனைதான் இந்தப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் வாரக் கடைசியில் ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை பிள்ளை எழுந்து நின்று கதையைச் சொல்ல வேண்டும்.

“அப்பா, இது என்ன ஆட்டம்?”

“பாலேன்னு போட்டிருக்கு.”

“பாலேன்னா?”

“காலால வேற வேலை இல்லாதவங்க ஆடுறது. பேசாம கேளு.”

கதை இதுதான். ஒரு மந்திரவாதி ஊரில் இருந்த பாட்டையெல்லாம் திருடி, கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, கோபுரத்து உச்சியில் வைத்துவிட்டான். ஊரே ஊமையாகிவிட்டது. ஒரு சிறுமிக்குச் சிலந்திகள் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டுச் செருப்பு நெய்து கொடுக்கின்றன. அதைப் போட்டுக்கொண்டு அவள் பாலே ஆடினால் உடம்பு இறகாகிவிடும். ஆடி ஆடியே மேலே எழும்பி, கோபுரத்தில் ஏறி, புட்டிகளைத் திறந்து விடுகிறாள்.

முதல் பக்கத்திலிருந்தே கொக்கிக்குக் கேள்வி மேல் கேள்வி வந்தது. அத்தனை புட்டியை அத்தனை உயரத்துக்கு யார் தூக்கிக்கொண்டு போனது? ஒன்றுகூட உடையவில்லையா? சிலந்திக்குக் கூலி யார் கொடுத்தது? கட்டைவிரலில் நின்று சுற்றினாளாம், கொப்புளம் இல்லையாம். எழுதினவன் ஒருநாளாவது செருப்பில்லாமல் வெயிலில் நடந்திருப்பானா?

குடோனில் ஒரு வழக்கம் உண்டு. நனைந்த மூட்டை, கிழிந்த மூட்டை எதுவும் அடுக்கில் ஏறக்கூடாது. ஒன்று ஏறினால் அடுக்கே சரியும். சுமக்கிறவனே பார்த்து ஓரமாகக் கழித்துப் போட்டுவிட்டு, நல்ல மூட்டையை அந்த இடத்தில் வைக்க வேண்டும். இருபது வருஷமாகச் செய்த வேலை. கையும் கண்ணும் அதையே புத்தகத்திலும் செய்தன. நம்ப முடியாத வரி வந்தால் ஓரமாகக் கழித்துப் போட்டார். அந்த இடத்தில் நம்பும்படியாக ஒன்றை வைத்தார். விரல் வரிமேல் ஊர்ந்தது, வாய் வேறு சொன்னது. தப்புச் செய்கிறோம் என்றே தோன்றவில்லை.

ஆக, திங்கட்கிழமை மகள் வகுப்பில் சொன்ன கதையில் சிலந்திகள் இல்லை. தைக்கிறவர் ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு தோல் செருப்பு தைத்துக் கொடுத்தார். சிறுமி பறக்கவில்லை. நாலு ஆட்கள் ஏணி கொண்டுவந்தார்கள். ஏணி எட்டாததால் மேஸ்திரி மந்திரவாதியிடம் பேசி, இறக்குக்கூலியை அவன் தலையிலேயே கட்டினார். புட்டிகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி இறக்கினார்கள். எல்லாருக்கும் டீ வந்தது. கதை முடிந்தது.

வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. போன வாரம் அதே புத்தகத்தைக் கொண்டுபோன ஒருத்தி எழுந்து, “டீச்சர், இதுல மேஸ்திரியே கிடையாது!” என்றாள். டீச்சர் சிரிக்கவில்லை. ரொம்பத் தன்மையாக, “வீட்ல யாரும்மா படிச்சுக் காட்டினாங்க?” என்றுதான் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பதில் சொல்லிவிட்டது: “அவங்கப்பாவுக்குப் படிக்கவே தெரியாது டீச்சர். படத்தைப் பாத்து கதை விடுறாரு.”

சாயங்காலம் கொக்கி வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னவாம் மகாராணிக்கு?”

மனைவி நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நெசமாவே படிப்பீங்கல்ல?” என்றாள்.

மூட்டை சரிந்து முதுகில் விழுந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

“நீயுமா? கரண்டு பில்லெல்லாம் யாருடி படிச்சது?”

“தொகையைத்தானே சொல்வீங்க. தொகை எனக்கே தெரியும்.”

மகள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “இனிமே நான் மாடி அக்காகிட்டயே படிச்சுக்கிறேன். நீ படிக்க வேணாம்.”

மாடி அக்கா என்பது மேல்வீட்டில் இருக்கிற தையல்காரரின் பெண். ஒன்பதாம் வகுப்பு. கண்ணாடி போட்டவள்.

“கூப்பிடு அவளை,” என்றார் கொக்கி. “பக்கத்துல உக்காந்து விரல் வச்சுப் பாக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் சொல்லட்டும்.”

அவள் வந்து உட்கார்ந்தாள். மகள் இந்தப் பக்கம். மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வாசற்படியில். கோர்ட்டு கூடிவிட்டது. கொக்கி முகம் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தைப் பிரித்தார்.

வாழ்க்கையில் அவர் எவ்வளவோ கண்றாவியைச் சுமந்திருக்கிறார். அழுகின வெங்காயம், கட்டிதட்டின சிமென்ட், ஒருமுறை செத்த எலியோடு ஒரு மூட்டை. இதற்கு எதுவும் ஈடில்லை. ‘சிலந்திகள் அன்போடு நெய்தன’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அன்போடாம்! ‘அவள் பாதங்கள் தரையை முத்தமிட்டன’ என்று வந்தபோது காது சூடானது. எழுத்துக் கூட்டிக் கூட்டி, எச்சில் விழுங்கி, ஒவ்வொரு பொய்யையும் அப்படியே தூக்கி அப்படியே இறக்கினார். மாடி அக்காவின் விரல் கூடவே வந்தது.

கோபுரத்தடிக்கு வந்தாயிற்று. ‘அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள்’ என்பது வரைக்கும் வாசித்துவிட்டு நின்றார். அடுத்த வரி கண்ணுக்குத் தெரிகிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை. ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிடலாம் போல நாக்கு துடித்தது.

“தெரியலையா மாமா?” என்றாள் மாடி அக்கா.

“தெரியுது, தெரியுது.” மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவள்... இறகு போல... மேலே எழும்பிப் பறந்தாள்.” காறித் துப்புகிற மாதிரிதான் வந்தது. ஆனாலும் எழுத்து மாறவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்ததும் மாடி அக்கா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டாள். “எல்லாம் சரியாத்தான் படிச்சாங்க. ஒரு இடத்துலகூட மாறல.”

கொக்கி நிமிர்ந்தார். மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள், முகத்தில் ஒரு சிரிப்போடு. மகள் மட்டும் அசையவில்லை. என்னவோ கணக்குப் போட்டாள்.

“அப்ப உனக்கு நல்லாவே படிக்கத் தெரியும்.”

“பின்னே?”

“அப்ப அன்னிக்கு தெரிஞ்சேதான் தப்பா படிச்ச.”

கொக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. படிக்கத் தெரியாதவன் என்ற பேரைத் துடைத்துப் போட்டால், அதன் கீழே புளுகன் என்ற பேர் தயாராக இருந்தது.

“அது தப்பு இல்ல பாப்பா. அந்தாளு எழுதினதுதான் தப்பு. யாராவது பறப்பாங்களா? உன்கிட்ட பொய் சொல்லக்கூடாதுன்னுதான்...”

“அது கதைப்பா! எல்லாருக்கும் தெரியும் யாரும் பறக்க மாட்டாங்கன்னு. எனக்கும் தெரியும். நீ படிச்சது உண்மையாவே புத்தகத்துல இருக்குன்னுதான் நான் நெனச்சேன்.”

குடோனில் மேஸ்திரி ஏசினால் கொக்கி பதிலுக்கு ஏசுவார். இங்கே கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“சரி. தப்புதான். இனிமே இருக்கிறபடியே படிக்கிறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா. ஆனா இந்தக் கண்றாவியைப் படிச்சுட்டு என்னால சும்மா இருக்க முடியாது. வயித்துல தங்காது.”

மகள் யோசித்தாள். மாடி அக்காவைப் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொல்லும் குரலில், “பக்கம் முடியற வரைக்கும் புத்தகம் சொல்றதைப் படி. முடிஞ்சப்புறம் நீ திட்டிக்கோ. எது புத்தகம், எது நீன்னு எனக்குத் தெரியணும்,” என்றாள்.

வாரக் கடைசியில் அடுத்த புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு மீன். மீன் தலையில் கிரீடம். கொக்கி அதை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“ஏன் பாப்பா, தண்ணிக்குள்ள இந்தக் கிரீடம் எதுல நிக்கும்? காது எங்க இருக்கு மீனுக்கு? மாட்டுறதுக்கு ஒரு...”

மகள் அவர் வாயைப் பொத்தினாள்.

“இன்னும் மொதப் பக்கமே ஆரம்பிக்கல.”

கொக்கி பெருமூச்சு விட்டார். விரலை முதல் வரியில் வைத்தார். அதிலேயே மீன் பேசிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.