பட்டி பார்த்த மரங்கள்

“மாமரத்தைக் காப்பவன் மானுடத்தையே காக்கிறான்.” ஜெயமங்கலம் அழகுமலை எந்த மேடையிலும் பேச்சை இப்படித்தான் தொடங்குவார். தத்துப்பூச்சி, பழ ஈ, தண்டு துளைப்பான் என்று வரிசையாகப் பேர் சொல்லி, அத்தனையையும் தான் ஓட ஓட விரட்டிய கதையை முக்கால் மணி நேரம் விரிப்பார். அந்த முக்கால் மணி நேரமும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பது அவர் மனைவி மாயக்காள்.

மரங்களும் அவளுடையவைதான். ஒன்பது காசாலட்டு மாமரங்கள். அப்பன் அவள் பேருக்கு எழுதிவைத்தது. வேறு நிலம் நீச்சு கிடையாது.

தை மாதம் தோட்டவேலை பார்க்கும் சுருளியாண்டி அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். மூன்று மரங்களின் தூரில் விரல் நுழையும் ஓட்டை. கீழே ஈர மரத்தூள், ரம்பம் போட்டு அறுத்ததுபோல. உள்ளே தண்டு துளைப்பான் புழு குடியிருக்கிறது, இப்போதே நோண்டி எடுத்து மருந்து வைத்து அடைத்தால் மரம் பிழைக்கும் என்றார்.

அழகுமலைக்கு அன்றுதான் தபால் வந்திருந்தது. முன்னோடி விவசாயி விருதுக்காகத் தோட்டத்தைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்களாம்.

“ஆபீசருக வர்ற நேரத்துல மரத்தை நோண்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? பாக்குறவுக என்ன நெனப்பாக?”

“பட்டுப்போன மரத்தைப் பாத்தா மட்டும் என்ன நெனப்பாக?” என்றாள் மாயக்காள்.

மேடை ஏறாதவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை.

மறுநாள் அல்லிநகரத்திலிருந்து இரண்டு பெயிண்டர்கள் வந்தார்கள். வீட்டுச் சுவருக்குச் செய்வதுபோல ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒன்பது மரத்துக்கும் இடுப்பளவு வெள்ளையும் காவியுமாக எனாமல் அடித்தார்கள். அழகுமலை ஒவ்வொரு மரத்தோடும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார்.

மாசியில் யாரும் வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. மாயக்காள் தூரில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே கறுக் கறுக்கென்று அரைபட்டது. உளியோடு போனவளை அழகுமலை மறித்து நின்றார், பெயிண்ட் பெயர்ந்துவிடுமாம். கொப்புக் கொப்பாக இலை காய்ந்தது, பிஞ்சு உதிர்ந்தது. வெயில் கடுமை என்று சொல்லிவிட்டார்.

சித்திரையில் வந்தார்கள். அவர் தொண்டையைச் செருமி மானுடத்தைக் காக்கத் தொடங்கும்போதே, பூச்சியியல் படித்த ஜோதிகா என்ற அதிகாரி ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தார். காலி டின் மாதிரி ஒலித்தது. சுருளியாண்டி உளியால் ஒரு போடு போட்டார். பட்டி பெயர்ந்தது, பின்னாலேயே மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது.

ஒன்பதையும் பார்த்துவிட்டு, ஆறு தேறாது என்றார் ஜோதிகா. அவற்றை வெட்டி எரித்தால்தான் மீதி மூன்று தப்பும்.

“எப்ப வெட்டணும் தாயி?” என்று மட்டும் கேட்டாள் மாயக்காள்.

“இன்னைக்கே வெட்டிருங்க அக்கா.”

அவள் கோடாலி எடுத்துவரப் போனாள். ஜோதிகா ஓட்டைக்குள்ளிருந்து வெளுப்பாக, விரல் தடிமனில் நெளிந்த ஒன்றை இழுத்தெடுத்து, உள்ளங்கையில் வைத்து அழகுமலையிடம் நீட்டினார்.

இது என்ன புழு என்று அழகுமலை கேட்டார்.