கொதிக்க வைத்த பாயசம்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் வாளியின் முன்னால் பிறந்தது. திண்டிவனத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்வந்து, வாளியும் நானுமாக உட்கார்ந்திருந்தபோது, நான் எழுத்தாளன் என்பதே மறந்துவிட்டது. வயிறு காலியான பிறகுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு பட்டதற்கு ஒரு கதையாவது தேற வேண்டாமா?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘அந்தி சாயும் வேளையில், செஞ்சி மலைகளின் பின்னால்...’ [விட்டுவிட்டேன். மண்டபத்திலிருந்து எந்த மலையும் தெரியாது.]

அடுத்து: ‘சீழ்க்கிருமி என்பது நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்துப் போல...’ [நீங்கள் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.]

சரி, பெண்ணிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

புனிதா விழுப்புரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் கிருமி வளர்க்கிறாள். சம்பளமே அதற்குத்தான். “பொண்ணு இன்னா வேல பாக்குது?” என்று கேட்டவர்களிடம் அவள் அம்மா “லேப்பு” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வல்லரசைப் புனிதாவுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வலிக்கும்.

வல்லரசு வீட்டில் ஒரு வழக்கம். வரப்போகும் மருமகளுக்கு முதல் இனிப்பை மாமியார் தன் கையாலேயே செய்ய வேண்டும், வேறு யாரும் கரண்டியைக்கூடத் தொடக் கூடாது. அவன் அம்மா கலையரசிக்குத் தாராள மனசு. மருமகளுக்கு மட்டும் எதற்கு, மண்டபத்துக்கே செய்கிறேன் என்றாள். முதல் நாள் சாயங்காலமே தேங்காய் துருவி, கையால் பால் பிழிந்து, பருப்புப் பாயசத்தில் ஊற்றி மூடிவைத்தாள். காலையில் மறுபடி கொதிக்க வைத்தாள். லேசாகத் திரிந்ததை நெய் மறைத்தது.

அவள் புனிதாவுக்குப் பொட்டு வைக்க வந்தபோது விரலில் கந்தல்துணி சுற்றியிருந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கசிவு.

“இன்னாச்சு அத்த?”

“போன வாரம் அருவாமண பட்டுச்சு கண்ணு. சீழ் வெச்சிக்கினு ஒரே பேஜாரு.”

புனிதா பாயசம் குடிக்கவில்லை. உதட்டுச்சாயம் கலைந்துவிடுமே என்று டம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். பிறகு அலங்கார அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டாள். கல்யாணப் பெண் வெட்கத்தில் சாப்பிடவே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

3

அன்று பொழுது சாய்வதற்குள் மண்டபமே வாந்தி எடுத்தது. கவுச்சியே தொடாத, புனிதாவின் ரோஜா சித்தியும் எடுத்தாள். அப்போதாவது யாராவது யோசித்திருக்கலாம்.

“பிரியாணி வாசன மூக்குல ஏறிக்கினுதான் எனக்கு வந்துச்சு” என்றாள் சித்தி. முடிந்தது கதை.

பழி, பிரியாணி போட்ட சமையல் மாஸ்டர் தாண்டவராயன் தலையில் விழுந்தது. பிரம்மதேசத்துக்காரர். ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்கள் எல்லாம் கைநழுவிப் போயின. புனிதாவுக்குப் போன் செய்தார்.

“நீ லேப்புல கீறியாமே பாப்பா. என் மேல தப்புன்னா சொல்லிடு, கரண்டியக் கீழ போட்டுட்டுப் போறேன். இல்லன்னா அதையும் நீயே சொல்லிடும்மா.”

[இவரைக் கொஞ்சம் குடிகாரராக்கலாமா என்று யோசித்தேன். உங்களுக்குச் சந்தேகம் வரும், கதையும் நீளும். மனசு வரவில்லை.]

புனிதா மிச்சப் பாயசத்தைச் சோதித்துப் பார்த்தாள். ஒரு கிருமிகூட வளரவில்லை. வல்லரசு வீட்டு வாட்ஸாப்பில் ‘பாயசம் சுத்தம்’ என்று பூங்கொத்தோடு செய்தி ஓடியது. அவளுக்கு மட்டும் அத்தை விரலில் சுற்றியிருந்த கந்தல்துணி ஞாபகம் வந்தது.

4

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது. அங்கே வைத்தால் படிக்க மாட்டீர்கள்.]

சீழில் இருக்கும் கிருமி கொதித்தால் செத்துவிடும். ஆனால் சாவதற்கு முன் இரவெல்லாம் அது கக்கிய நஞ்சு சாகாது. எவ்வளவு கொதித்தாலும் அசையாது. குடலுக்குள் போனதும் மூளைக்கு ஓடும் நரம்பைத் தட்டி, வாந்தி எடு என்கிறது.

அதோடு நிற்பதில்லை. நம் உடம்பில் காவல் செல் ஒன்று, பிடித்துவந்த அந்நியனின் துண்டைப் படைச் செல்லிடம் காட்டும். பொருந்தினால்தான் படை கிளம்பும். இந்த நஞ்சோ ஜாதகம் பார்க்காத கல்யாணத் தரகர். இரண்டு செல்களையும் பக்கவாட்டில் பிடித்துக் கைகோர்த்துவிடும். சம்பந்தமே இல்லாத படையெல்லாம் கிளம்பி, இல்லாத எதிரியோடு போர்.

5

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்லிவிட வேண்டியதுதானே?

முடிவு அ: புனிதா சொல்கிறாள். “நான் ரெண்டு தட்டு பிரியாணி சாப்ட்டேன், எனக்கு ஒண்ணும் ஆவல” என்று சபையில் ஒப்புக்கொள்கிறாள். மருமகளுக்கென்று ஆசையாகச் செய்தவளை மருமகளே காட்டிக்கொடுக்கிறாள். வல்லரசு...

[பாதியில் நிறுத்தினேன். அவன் முகத்தை எழுத முடியவில்லை.]

முடிவு ஆ: சொல்லவில்லை. கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடக்கிறது. தாண்டவராயன் பந்தலுக்கு வெளியே நிற்கிறார்.

[இதையும் கிழித்தேன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது.]

ஆசிரியரே சாட்சி சொல்லலாமே என்கிறீர்களா? உண்மைதான், எனக்குப் பந்தியில் இடம் கிடைக்கவில்லை, பாயசம் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியவன் நான். ஆனால் கதைக்குள் எனக்கு நாற்காலி கிடையாது.

6

ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் புனிதாவின் வீடு. வல்லரசோடு வந்திருக்கும் கலையரசி, தூக்குவாளியைத் திறந்து டம்ளரில் ஊற்றுகிறாள். விரலில் அதே துணி.

“அன்னிக்கு நீ ஒரு வாய்கூடக் குடிக்கலியாமே. எனக்கு மனசே ஆறல கண்ணு. நேத்து சாயங்காலமே செஞ்சிட்டேன். காலைல தளதளன்னு கொதிக்க வெச்சித்தான் எடுத்தாந்தேன்.”

வல்லரசு சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளருக்குக் கை நீட்டுகிறான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தாண்டவராயன் எட்டிப் பார்க்கிறார். “பாப்பா, ரிசல்ட் வந்துச்சா?”

எல்லோரும் புனிதாவைப் பார்க்கிறார்கள்.

புனிதா டம்ளரை...

[பலமுறை எழுதிப் பார்த்தேன். இந்த வாக்கியம் இதற்கு மேல் நகரவில்லை.]

என்னால் ஆகாது. இந்தாருங்கள், டம்ளரை நீங்களே பிடியுங்கள். பார்த்து, நன்றாகக் கொதிக்க வைத்தது.