முகமூடிக்குக் காய்ச்சிய பசை

எந்தப் பாடம், ஓவியமா கணக்குப்பதிவா என்று பள்ளிக்கூடம் கேட்ட தாளில் ஓவியம் என்று எழுதியிருந்தாள் சிறுமி பஞ்சாலை. "படம் போட்டா தோட்டத்து ஆபீஸ்ல கிராணி வேல குடுப்பானா?" என்று முனகிக்கொண்டேதான் அவள் அப்பா நல்லசாமி கையெழுத்துப் போட்டார். இன்று வகுப்பில் காகித முகமூடி ஒட்டிக் காட்டினால்தான் ஓவியப் பிரிவில் இடம்.

பள்ளிக்கூடம் இருக்கும் பெடாஸுக்கு பஸ் ஏறப் போனவளை ரப்பர் தோட்டத்து முள்வேலி கேட்டில் காவல்காரன் நிறுத்தினான். பையிலிருந்து பால் டின்னை எடுத்தான். உள்ளே கோதுமை மாவில் காய்ச்சிய பசை. காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே விடாத காலம் அது. பிடிபட்டால் ஜெயில்.

"சாப்பாடு இல்லண்ணே, பசை."

"மாவு மாவுதான்லா. போலீஸ் சார்ஜன் வரட்டும்."

வேலைக்கு வரிசையில் நின்ற நல்லசாமி ஓடி வந்து டின்னைப் பிடுங்கினார். "கேட்டுக்கு உள்ளாற தின்னா குத்தமில்லதானே தம்பி?" என்றவர், சார்ஜன் வருவதற்குள் தீர்த்துவிடும் அவசரத்தில் பசையை வழித்து வழித்து விழுங்கினார்.

முகமூடியைக் கரப்பான் அரிக்காமலிருக்க அவள் அதில் மயில்துத்தம் கலந்திருந்தாள். "அப்பா, அது விஷம்" என்று அவள் கத்துவதற்குள் மூன்றாவது வாயும் உள்ளே போய்விட்டது.

நல்லசாமி மண்டியிட்டு நீலமாக வாந்தி எடுத்தார். யாரோ தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைக் கூப்பிட ஓடினார்கள். பஞ்சாலை அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

காவல்காரன் குனிந்து வாந்தியைப் பார்த்தான். பிறகு டின்னை மூடி அவளிடம் நீட்டினான்.

"சாப்பாடு இல்லதான். கொண்டு போ."