பிறைக்குக் கீழே ஒரு பொட்டு

குக்கர் விசிலுக்குக் காத்து நின்றிருந்தபோது பானுமதியின் போன் அடித்தது. கணவன் மகேஷ்குமார்தான். அம்பர்நாத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனுக்கு வந்ததும் தாராவி வீட்டுக்குப் போன் போடுவது அவன் வழக்கம். “ரயில் ஏறிட்டேன்”, “கூட்டமா கிடக்கு” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அன்றைக்குக் குரலே வேறு மாதிரி இருந்தது.

“ஏளா பானு, வெளிய வா. வானத்தப் பாரு.”

“ஏன், மழையா?”

“பங்குனி மாசத்துல என்ன மழை? நிலாவப் பாருன்னு சொல்லுதேன். அதுக்குக் கீழ ஒரு வெள்ளி ஒட்டிக்கிட்டு நிக்கி, தொங்கட்டான் கணக்கா. பிளாட்பாரத்துல பாதிப் பேரு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கானுவ. நானும் ஒரு ரயில விட்டுட்டேன்.”

ரயிலை விட்டுவிட்டானா! கல்யாணமாகி வந்த நாள் முதல், இதைப் பார் அதைப் பார் என்று அவன் எதையும் காட்டியதில்லை. பானுமதி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

அவள் இருந்த கல்லியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே ஒயர், அதற்கு மேலே நீலத் தார்ப்பாய், அதையும் தாண்டி ஒரு நாடா அகலத்துக்கு வானம். அந்த நாடாவில் நிலாவும் இல்லை, வெள்ளியும் இல்லை.

“இங்க ஒண்ணும் தெரியலையே.”

“மேக்க பாரு.”

“மேக்கதான் கோகிலா அக்கா வீட்டு மாடி நிக்குல்லா.”

அந்த மாடியின் கதை அவனுக்கும் தெரியும்.

போன தீபாவளிச் சமயத்தில் எதிர்வீட்டுக் கோகிலவாணி தன் வீட்டுக்கு மேலே ஒரு ரூம் எழுப்பினாள். பை தைக்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். ரூமுக்கும் அதற்கு மேலே மொட்டைமாடிக்கும் ஏற வெளியே ஒரு இரும்பு ஏணி. அதன் கால் வந்து நின்றது பானுமதியின் வாசற்படியில். தண்ணீர்க் குடத்தோடு வந்த பானுமதி அதில் இடித்து விழுந்தாள். முழங்கால் கிழிந்த வலியில் வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். “அந்த ஏணியில ஏறி நேரா மேலயே போயிரு!” என்று கல்லி முழுக்கக் கேட்கக் கத்தியது அதில் ஒன்று. கோகிலவாணியும் சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து குழாயடியில்கூட ஒருத்தி வந்தால் மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“சரி விடு, போட்டோ எடுத்து அனுப்புதேன்” என்றான் மகேஷ்குமார்.

போட்டோ வந்தது. கறுப்பு நடுவே சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு.

“இதுக்கா ரயில விட்டிய?”

“போட்டோல வரமாட்டேங்குது பானு. நேர்ல பாத்தாதான். உனக்குக் காட்டணும்னு நெனச்சேன், அவ்வளவுதான்.”

கடைசி வார்த்தைகளில் அவன் குரல் இறங்கிப்போனது. அது பானுமதியை என்னவோ செய்தது.

“போனை வைக்காதிய” என்றாள். கல்லியைக் கடந்து, எதிர்வீட்டுக் கதவை, யோசித்தால் தைரியம் போய்விடும் என்று, யோசிக்காமல் தட்டினாள்.

கோகிலவாணி கரண்டியோடு வந்து நின்றாள். பானுமதியைப் பார்த்ததும் கண் சுருங்கியது.

“மாடிக்குப் போணும்” என்றாள் பானுமதி.

“எதுக்கு?”

“நிலா பாக்க.”

காய்ச்சல் கண்டவளைப் பார்ப்பதுபோலக் கோகிலவாணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நிலாவா?”

“அவுக அம்பர்நாத்துல இருந்து சொன்னாக. நிலாவுக்குக் கீழ ஒரு வெள்ளி ஒட்டிக்கிட்டு நிக்காம்.”

“என் ஏணிதான் உனக்கு ஆகாதே.”

“ஏணிதான ஆகாது. நிலா என்ன பாவம் செஞ்சுச்சு?”

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாகப் பீறிட்டது. கரண்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

“சேலையத் தூக்கிச் செருகு. நடுவுல ஒரு கம்பி ஆடும், பாத்து ஏறு. நானும் வாரேன். நீ விழுந்தியன்னா அதுக்கும் என் ஏணியத்தான் சொல்லுவ.”

மாடியில் தண்ணீர் டாங்க் ஒன்றும் முழங்கால் உயரச் சுவரும்தான். பானுமதி கடைசிக் கம்பியிலிருந்து கையூன்றி ஏறி நிமிர்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தகரக் கூரைகள், தார்ப்பாய்கள், டிஷ் ஆண்டெனாக்கள். அவற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய கட்டடங்கள். மேற்கே ஆரஞ்சு வெளுத்து நீலமாகிக்கொண்டிருந்த வானத்தில், வெட்டிப்போட்ட நகம்போல மெல்லிய பிறை. அதன் அடியில், தொட்டும் தொடாமலும், ஒரே ஒரு வெளிச்சப் பொட்டு. அது மினுக்கவில்லை, அப்படியே எரிந்தது. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது பிறையின் மடிக்குள் நிலாவின் மிச்ச உருண்டையும் சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரிந்தது.

இவ்வளவு பெரிய வானம் தன் வீட்டுக்கு மேலேயே இருந்திருக்கிறது என்பதைப் பானுமதியால் நம்ப முடியவில்லை. நெஞ்சு நிறைந்து, ஏதாவது சத்தம் போட வேண்டும்போல இருந்தது.

“யாத்தே!” பக்கத்தில் கோகிலவாணி மூச்சு வாங்கினாள். “மூக்குத்தி கழண்டு விழப்போற மாதிரில்லா நிக்கி!”

“தொங்கட்டான்னு சொன்னாக.”

“தொங்கட்டானா? ஒத்தைக் கல்லு, மூக்குத்திதான்.”

போனுக்குள்ளிருந்து மகேஷ்குமார், “பாத்தியா? பாத்தியா?” என்று கத்திக்கொண்டிருந்தான்.

“பாத்துட்டேன். கோகிலா அக்கா மாடில நிக்கேன்.”

“யாரு மாடில?”

கோகிலவாணி போன் பக்கம் குனிந்தாள். “நான்தான் தம்பி. தொங்கட்டான் இல்ல, மூக்குத்தி. மனசுல வச்சுக்கிடும்.”

அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பில் ஸ்டேஷன் அறிவிப்பே கேட்கவில்லை.

“அக்கா, அன்னைக்கு நான் பேசினது...” என்று பானுமதி மெதுவாக ஆரம்பித்தாள்.

“நேரா மேல போன்னுதான சொன்ன? வந்துட்டம்லா, ரெண்டு பேரும்!” என்றாள் கோகிலவாணி. பிறகு சுவரில் உட்கார்ந்தபடி, “டாங்க் நெறஞ்சிச்சான்னு பாக்க தெனமும் வாரேன். ஒரு நாளும் தலையத் தூக்கினதில்ல பானு” என்றாள்.

கீழே பக்கத்து வீட்டு மெஹக், ரமலானின் முதல் நோன்பைத் திறந்துவிட்டு வாசலுக்கு வந்தவள், இந்த இரண்டு பேர் சிரிப்பும் ஒரே இடத்திலிருந்து வருவதைக் கேட்டு, “க்யா ஹுவா?” என்ன ஆச்சு என்று பதறினாள்.

“சாந்த்! ஊப்பர் ஆவ், ஜல்தி!” என்று நிலாவைக் காட்டிச் சீக்கிரம் மேலே வரச் சொன்னாள் கோகிலவாணி.

மெஹக் ஒரு கையில் பேரீச்சம்பழமும் பஜ்ஜியும் வைத்த தட்டோடு ஏறி வந்தாள். பின்னாலேயே பை தைக்கிற நாலு பேர். அப்புறம் கல்லியே வந்தது. மாடி தாங்காது என்று பயந்த கோகிலவாணி ஏணித் தலைப்பில் நின்றுகொண்டு, கோவில் தரிசன வரிசையை ஒழுங்குபடுத்துகிறவளாக மாறிவிட்டாள். “பாத்தவங்க எறங்குங்க! பஜ்ஜிக்கு ஏறினவங்களும் எறங்குங்க!”

முனையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த செல்லப்பாண்டி நகராமல் நின்றான். “இது எதுக்கு அறிகுறி அக்கா?”

“இப்படியே பாத்துக்கிட்டு நின்னன்னா கழுத்து சுளுக்கிக்கிடும். அதுக்குத்தான்.”

மகேஷ்குமார் வீடு வந்து சேர்ந்தபோது நிலா கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. பானுமதி சோற்றைப் போட்டுவிட்டு, அவன் பார்த்ததையே அவனுக்கு முழுக்கச் சொன்னாள். அவனும் முதல்தடவை கேட்பவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் விளக்கு வைத்த கையோடு அவள் மாடி ஏறினாள். பிறை சற்றுப் பெருத்து மேலே போயிருந்தது. வெள்ளி துணையில்லாமல் கீழே தங்கிவிட்டது. பிரிந்துவிட்டதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டு கூடி, மற்ற வெள்ளிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. நகர வெளிச்சத்தையும் மீறி உச்சிப் பக்கத்தில் மூன்று, நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நின்றன.

“இன்னைக்கு என்னத்தக் காட்டுதான்?” சினிமாவுக்கு வந்தவள்போலக் கேட்டுக்கொண்டே, பாயைக் கக்கத்தில் இடுக்கிக் கோகிலவாணி ஏறி வந்தாள்.

“அங்க பாருங்க அக்கா, வரிசையா மூணு.”

“எங்கட்டி?”

“அங்கன, டாங்குக்கு நேர் மேல.”

“ஒண்ணுதான் தெரியுது.”

பானுமதி அவள் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பி, இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். “இப்ப?”

“ஆமா,” என்றாள் கோகிலவாணி. “ஆமாட்டி, மூணு!”