நிற்பதற்கு ஒரு படகு

படகுக் கடைக்கார அக்காவுக்கு அந்த மாதம் முழுக்க வாயைத் திறந்தால் பொய்தான் வந்தது. பிறவிப் பொய்க்காரி இல்லை அவள். அண்ணன் தன் பட்டறையில் ஃபைபர் படகு கட்டுவான், தங்கை அதைத் தன் கடையில் விற்பாள். அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடந்துவந்தது. வியாபாரம் என்றால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான், ஆனால் இல்லாததைச் சொல்லி அவள் விற்றதில்லை. பட்டறையின் இரும்புக் கதவு பகலிலும் மூடிக்கிடக்கத் தொடங்கியதும், படகுக்குக் காத்திருந்த முதல் ஆளிடம் "படகு வார்க்கிற அச்சைப் பழுது பாக்குறாங்க" என்றாள். அடுத்த ஆளிடம் பிசின் வரவில்லை என்றாள். மூன்றாமவரிடம், முன்னே சொன்னது மறந்துபோய், வேலையாட்களெல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தாள். மூன்று பேரும் ஒரே டீக்கடையில் உட்காருகிறவர்கள்.

பிறகு ஒரு நாள் பாங்க்காரர்கள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், கெடுவுக்குள் கடனைக் கட்டாவிட்டால் பூட்டி சீல் வைப்போம் என்று. இனிமேல் பொய் சொல்லத் தேவையில்லை. சொல்கிற உண்மையை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, விற்கிறவள் பிழைப்பு அதுதான். ஏற்கெனவே படகு வாங்கியவர்கள் ஒரு பக்கம் வந்தார்கள். ஒருவருக்குப் படகில் மீன் போடுகிற பெட்டியின் மூடி உடைந்திருந்தது. "வேற எந்தப் பட்டறை மூடியும் இதுக்குச் சேராது. நான் என்ன, வீட்டுச் சட்டியைக் கவுத்து மூடிக்கவா?" என்றார். இன்னொருவர் தன் படகை நல்ல விலைக்குப் பேசி முடித்திருந்தார். சேதி பரவியதும் வாங்க வந்தவன், பெத்தவன் இல்லாத படகு எனக்கு எதற்கு என்று போய்விட்டானாம். பக்கத்து ஊரில் அண்ணனின் படகையே விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார். அக்கா போனில் கேட்டதற்கு, "உங்களுக்கு அவர் கூடப்பிறந்தவர். எனக்கு யாரு?" என்று வைத்துவிட்டார். நியாயமான கேள்விதான், அதனால்தான் எரிந்தது.

இவர்கள் எல்லாரையும் அவளால் சமாளிக்க முடிந்தது. கத்துகிறவனிடம் பதிலுக்குக் கத்தலாம். கத்தவே கத்தாத ஒருவன் இருந்தான், அவனிடம்தான் அவள் தோற்றாள். ஊர் அவனை நிதானம் என்று கூப்பிடும். ஆற்றில் ஆட்களை ஏற்றி அக்கரைக்கு விடுகிறவன். அக்கரையில் ஒரு தையல் ஆலை இருந்தது. அதில் வேலை பார்க்கிற பெண்களெல்லாம் இக்கரைக்காரர்கள். பாலம் வரும் வரும் என்று அவர்கள் அம்மாக்கள் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிதானத்தின் பழைய படகு இற்றுப்போய், அதை உடைத்துப் போட்டுவிட்டுப் புதுசுக்கு முழுப் பணமும் கட்டியிருந்தான். இரவல் படகில் ஓட்டிக்கொண்டிருந்தான், அதையும் சொந்தக்காரன் திருப்பிக் கேட்டுவிட்டான். காலையில் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவான். "நான் அவசரப்படுத்தல அக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பான். அவன் போன பிறகு அவளுக்குச் சோறு இறங்காது.

சீல் வைக்க வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பட்டறைக்குப் போனாள். அண்ணன் உள்ளறையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கப்பல் கவிழ்ந்த மாதிரி என்று யாரையும் சொல்லிவிடலாம். அவனுக்கு உண்மையாகவே கவிழ்ந்திருந்தது. வெளியே கொட்டகையில் அச்சுகள் வெறுமையாகக் கிடந்தன. சம்பளம் நின்றும் போகாத ஆட்கள் இரண்டு பேர் நிழலில் படுத்திருந்தார்கள்.

"அண்ணா, ஒரே ஒரு படகு குடு. கடை வாசல்ல நிறுத்தணும். ஒண்ணு வந்து நின்னாத்தான் இந்த ஜனம் வாயை மூடும்."

"பிசின் கொஞ்சம்தான் கிடக்கு."

"இருக்கிறதை வெச்சுக் குடு. எப்படியோ குடு. என் மானம் போகுது."

சின்ன வயசிலிருந்து அவள் கேட்டு அவன் இல்லை என்று சொன்னதில்லை. "சரி. நிக்கிறதுக்கு ஒண்ணு பண்ணித் தரேன்" என்றான். அவள் காதில் 'சரி' மட்டும்தான் விழுந்தது.

படகு லாரியில் வந்து இறங்கியது. நல்ல நீலம். குனிந்தால் முகம் தெரிந்தது. உட்காரும் பலகைகளை வைத்து, உள்தளமும் போட்டு மூடி அண்ணன் அனுப்பியிருந்தான். அது வாசலில் நின்ற அன்றைக்கே ஊர் வாய் பாதி மூடியது. பெட்டி மூடி உடைந்து வந்தவர்கூட வந்து பார்த்துவிட்டு, "அப்ப பட்டறை செத்துப்போகல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நிதானம் வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை. படகின் மூக்கிலிருந்து பின்பக்கம் வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தான். சுற்றி வந்து அவள் முன்னால் நின்றான்.

"இது எனக்கா அக்கா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல ஒரு கல்நெஞ்சு வேண்டும். அவளுக்கு அது இல்லை. "உனக்குத்தான் தம்பி, எடுத்துட்டுப் போ" என்றாள். அந்த மாதத்தில் அவள் மனசாரச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படகு, காத்திருக்கிறவனுக்குப் போகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது?

பட்டறைக்கு சீல் வைத்தார்கள். அண்ணன் வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டான். சில வாரம் கழித்து அண்ணி போன் செய்து, "சாப்பிட மாட்டேங்கிறார். நீயாவது வந்து சொல்லு" என்றாள்.

அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஜன்னல் திரையை அண்ணி பகலிலும் இழுத்துவிட்டிருந்தாள், கடன்காரர்கள் எட்டிப்பார்க்கிறார்கள் என்று. போன்களை அணைத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். அவனைத் தேற்ற என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் இருந்த ஒரே நல்ல சேதியைச் சொன்னாள்.

"உன் கடைசிப் படகு என்னமா ஓடுது தெரியுமா அண்ணா? ஆலைப் பொம்பளைங்க ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நிறைஞ்சு போறாங்க."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். "எந்தப் படகு?"

"அந்த நீலப் படகுதான். வாசல்ல நிறுத்தினது."

"அதைத் தண்ணியில விட்டியா?"

ஃபைபர் படகை வெளியிலிருந்து உள்ளே கட்டுவார்கள். அச்சுக்குள் முதலில் பூசுவது அந்தப் பளபளப்பு வண்ணத்தைத்தான். அதன் மேல் கண்ணாடி நார்ப் பாயைப் பிசினில் தோய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வருவார்கள். படகின் பலமெல்லாம் அந்தப் பாய்களில்தான். பாதியில் நிறுத்தி அச்சை விட்டுக் கழற்றினாலும் வெளியே அதே மினுமினுப்பு இருக்கும். கடை வாசலில் அழகுக்கு வைக்கிற படகுகளை அப்படித்தான் செய்வார்கள்: வண்ணம், இரண்டு பாய், மேலே மூடி. யாரும் ஏறப்போவதில்லை, அதற்கு எதற்குப் பிசினைக் கொட்டவேண்டும்? தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவளுக்கும் தெரியும்.

"நீ நிறுத்தத்தானே கேட்ட?" என்றான் அண்ணன். "ஓட்டப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பிசின் இல்லைம்மான்னு கையை விரிச்சிருப்பேனே."

"படகை வாங்கினா ஓட்டாம என்ன பண்ணுவாங்க? அலங்காரத்துக்குன்னு நீதான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். சரியாக இருந்து என்ன?

"எத்தனை நாள் தாங்கும்?"

"தெரியல. ஆள் ஏற ஏற அடியில வளைஞ்சு வளைஞ்சு கொடுக்கும். மேல ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் நடு ஆத்துல விட்டுடும்." சட்டையைத் தேடி எழுந்தவன் வாசல் நிலை வரை போய், அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "அந்தப் பக்கம் என் தலையைப் பாத்தா அடிப்பாங்கம்மா" என்றான். தண்ணீர் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று அவனை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவனைப் பார்க்க அவளுக்கே தாங்கவில்லை. தனியாகப் போனாள்.

படித்துறையில் சாயங்கால ஷிஃப்டுக்குப் பெண்கள் கூடிவிட்டிருந்தார்கள். நீலப் படகின் மூக்கு மணலில் ஏறியிருந்தது. நாலைந்து பேர் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா நிதானத்தின் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். பாய் குறைச்சல், அடி மெலிசு, யாரையும் ஏற்றாதே, மேலே இழுத்துப் போடு, பட்டறை ஆளைத் தேடிப்பிடித்து மீதிப் பாயை ஒட்டித் தருகிறேன்.

பக்கத்தில் தன் சின்ன மரப்படகில் வலையை உதறிக்கொண்டிருந்த கிழவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "பட்டறையிலேருந்து போன கடைசிப் படகைப் பாங்க்காரன் தேடறானாம். அதுக்குள்ள திருப்பிப் பிடுங்க அக்கா முந்திக்கிட்டாங்க" என்றார்.

நிதானம் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. "நீங்க ஆளுக்கொண்ணா சொன்னதெல்லாம் டீக்கடையில கேட்டேன் அக்கா. அச்சு பழுதுன்னீங்க, நம்பினேன். பிசின் வரலன்னீங்க, நம்பினேன். கல்யாணத்துக்குப் போயிருக்காங்கன்னதையும் நம்பினேன். இதையும் நம்பினா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா அக்கா."

பெண்கள் சிரித்தார்கள். "நேரமாச்சு, சம்பளத்துல பிடிப்பாங்க" என்று ஒருத்தி அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு ஏறினாள். அடுத்தவளும் ஏறினாள். அக்கா அண்ணனுக்குப் போன் போட்டாள். அணைத்த போன் அலமாரியில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாரும் ஏறியாகிவிட்டது. நிதானம் குனிந்து படகைத் தள்ளத் தோள் கொடுத்தான்.

படகைக் கட்டும் தறி ஊன்றக் குழி போடுகிற கடப்பாரை மணலில் குத்தி நின்றது. அவள் அதைப் பிடுங்கி எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி, மூக்குக்குச் சற்றுப் பின்னால் நீலத்தில் குத்தினாள்.

நல்ல படகாக இருந்திருந்தால் கடப்பாரை துள்ளி அவள் மேலேயே விழுந்திருக்கும். இது சத்தம்கூடச் சரியாகப் போடவில்லை. அவள் கை படகில் இடிக்கும் வரை உள்ளே போனது. உள்ளே இருந்தவர்கள் அலறிக்கொண்டு மணலில் குதித்தார்கள். யாரோ அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். நிதானம் வந்து அந்தக் கையை விலக்கிவிட்டு, ஓட்டையின் அருகில் மண்டியிட்டான். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து வளைத்தான். அட்டைப்பெட்டியைக் கிழிக்கிற மாதிரி ஒரு துண்டு கையோடு வந்தது. விரல் கனம் இருக்கவேண்டிய இடத்தில் அவன் நகத்தின் கனம் இருந்தது.

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நேத்து என் பொண்ணை இதுல கூட்டிட்டுப் போனேன்" என்றான். பிறகு, "யாரு அக்கா இதை ஒட்டுவா?" என்று கேட்டான்.

அவளுக்குத் தெரியாது. நிழலில் படுத்திருந்த அந்த இரண்டு பேரும் எந்த ஊருக்குப் போனார்கள் என்று அண்ணனுக்கே தெரியாது. இன்னொரு பட்டறை இந்த ஆற்றோரத்தில் கிடையாது. உயிர்கள் தப்பின என்று அவள் நெஞ்சு ஒரு நிமிஷம் ஆறியது, அவ்வளவுதான்.

அக்கரையில் ஆலைச் சங்கு ஊதியது. பெண்கள் உடைந்த படகையும் அவளையும் விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தார்கள். வலைக்காரக் கிழவர் வலையைக் கரையில் எறிந்துவிட்டு, "வாங்க, நான் விடறேன்" என்றார். அவர் படகில் அஞ்சு பேர் உட்கார்ந்தால் ஆறாவது ஆளுக்கு இடம் இருக்காது. பெண்கள் அத்தனை பேரும் ஏறினார்கள். நின்றுகொண்டு, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, மடியில் ஒருத்தியை வைத்துக்கொண்டு. அக்கா ஓடிப்போய் வேண்டாம் வேண்டாம் என்றாள். "இதையும் குத்திப் போடுவியா?" என்று ஒருத்தி கேட்டாள். கடப்பாரையை யாரோ அதற்குள் எட்டத் தூக்கி எறிந்திருந்தார்கள்.

மரப்படகு நகர்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை. நிதானம் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். நடு ஆற்றில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது, பெண்களின் சத்தம் இக்கரை வரை கேட்டது, பிறகு நிமிர்ந்தது. கடைசியில் அக்கரையில் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள்.

அவள் மூச்சை விட்டாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சு இருட்டினப்புறம் திரும்பி வருவாங்க அக்கா. அந்த மரப்படகுலதான் வரணும்" என்றான் நிதானம்.